பெயருக்குத் தரும் விலை

"எந்தக் கம்பெனி வண்டி வாங்கினா விக்கிறப்போ நல்ல விலை போகும், தாத்தா?" புது பைக் வாங்கக் கிளம்பும் பையன்கள் எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். வாங்கும் முன்பே விற்பதைப் பற்றிய கவலை! கேள்வியில் தப்பில்லை. ஆனால் பழைய வண்டிக்குக் கிடைக்கும் விலை கம்பெனி பெயரில் மட்டும் இருக்கிறது என்று நினைப்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நம் காலத்து வண்டிகளையே பாருங்களேன். புல்லட் 1950களிலிருந்து நம் சென்னையில் தயாராகும் வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், காஸ்ட் அயர்ன் இன்ஜின் என்று பல்லாண்டுகள் பெரிதாக மாறாமல் வந்தது. 2000 வாக்கில் அந்தக் கம்பெனியையே மூடிவிடலாமா என்ற பேச்சு இருந்தது. அன்று பழைய புல்லட்டை விற்கப் போனவரை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இன்று அதே பழைய வண்டிக்குப் போட்டி. இரும்பும் மாறவில்லை, பெயரும் மாறவில்லை. மாறியது வாங்குகிறவர் மனசுதான்.

மைசூரில் செய்த ஜாவா, யெஸ்டி கதையும் இதுவே. கிக்கரையே மடக்கினால் கியராகும் அந்த வண்டியை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1996-ல் தொழிற்சாலை மூடியது. அதன் பிறகு எத்தனையோ வண்டிகள் எடைக்குப் போயின. இப்போது தேடி அலைகிறார்கள். யமஹா ஆர்எக்ஸ் 100-ம் அதே 1996-ல்தான் நின்றது. அன்று ஷோரூமில் புதிதாக விற்ற விலையைவிட இன்று பழைய வண்டிக்கு அதிகம் கேட்கிறார்கள். இதெல்லாம் ஆசைக்குப் போகும் விலை. எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பி வண்டி வாங்குவது லாட்டரிச் சீட்டு வாங்குவது போலத்தான்.

ஸ்ப்ளெண்டருக்குப் போகும் விலை வேறு வகை. 2010 கடைசியில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு கம்பெனி பெயரே மாறியது. ஆனாலும் ஸ்ப்ளெண்டரைத் தேடுகிறவர்கள் குறையவில்லை. காரணம் எளிது. எந்த ஊர் ஆலமரத்தடி மெக்கானிக்குக்கும் அந்த இன்ஜின் கைப்பாடம். ஸ்பேர் பார்ட்ஸ் தாலுகா கடையிலேயே கிடைக்கும். மைலேஜும் கொடுக்கும். டேங்கில் ஒட்டியிருக்கும் பெயருக்கு என்று நாம் நினைத்துக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு, உண்மையில் அந்த மெக்கானிக்கின் கைக்கும் அந்த ஸ்பேர் கடைக்கும்தான். ஆகவே பையன்களுக்கு நான் சொல்வது: விளம்பரத்தைப் பார்க்காதே, உன் தெரு மெக்கானிக்கைக் கேள்.

இதைவிட முக்கியமாக நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வண்டியின் பெயரைவிட, ஆர்.சி. புக்கில் இருக்கும் உங்கள் பெயர்தான் பெரிய விஷயம்.

கன்சல்டிங் கடையில் வண்டியை விட்டு, பணத்தை எண்ணி வாங்கி, வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். "பேரை நாங்க மாத்திக்கிறோம் சார்" என்பார்கள். மாற்றாமலே அந்த வண்டி நாலு கை மாறும். ஐந்தாவது ஆள் எங்கோ யார் மீதாவது மோதினால்? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குத்தான் ஃபாரம் 29. வாங்குகிறவரோடு சேர்ந்து ஃபாரம் 30-லும் கையெழுத்திட வேண்டும். பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டி விற்றுவிட்டது என்று நினையுங்கள். இரண்டாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டாலும் பெயரை உடனே மாற்றிக்கொள்கிறவருக்கே கொடுங்கள்.

இன்னொன்று. வீட்டுக்காரர் காலமான பிறகு அவர் வண்டியை விற்கப் போகும் பெண்களிடம், "ஆர்.சி. இறந்தவர் பேர்ல இருக்கேம்மா" என்று சொல்லியே பாதி விலைக்குக் கேட்கிறார்கள். எவ்வளவு நல்ல கம்பெனி வண்டியாக இருந்தாலும் அந்த இடத்தில் பெயர் எடுபடாது. முதலில் ஃபாரம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டு, அப்புறம் விற்க வேண்டும். 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பெயரைச் சேர்க்கவும் வழி செய்திருக்கிறார்கள். பேங்க் கணக்குக்கு நாமினி போட்ட நாம் இதை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

15 வருடம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்காத வண்டிக்கும் இதே கதிதான். டேங்கில் எந்தப் பெயர் இருந்தாலும் பேப்பர் சரியில்லை என்றால் அது பழைய இரும்பு.

இந்த வாரம் பீரோவைத் திறந்து உங்கள் ஆர்.சி.யை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தேதி, பெயர், நாமினி மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விலை பேசுவதெல்லாம் அப்புறம்.