சமையலறையோடு முடியாத பொறுப்பு

நாற்பதைத் தொட்ட பெண்ணுக்கு மாதவிடாய் தாறுமாறானால் அறிவுரைக்குப் பஞ்சமிருக்காது. எள்ளுருண்டை சாப்பிடு, தினமும் நட, கவலையை விடு. அவள் ரத்தத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் கேட்டார்கள். அமெரிக்கப் பெண்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் 111 வேதிப்பொருட்களை அலசி, 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 15-ஐத் தனியே குறித்தார்கள்: 9 பிசிபிகள், 3 பூச்சிக்கொல்லிகள், 2 தாலேட்டுகள், ஒரு ஃபியூரான். இவை உடலில் மிகுந்திருந்த பெண்களுக்கு மாதவிடாய் சுமார் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் முன்னதாகவே நின்றிருந்தது. தொடர்பு தெரிகிறது, இவைதான் காரணம் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாது. கருமுட்டைகளின் இருப்பு பிறவியிலேயே வந்தது, கரையுமே தவிரப் பெருகாது. மாதவிடாய் சீக்கிரம் நின்றால் எலும்புத் தேய்மானமும் இதய நோயும் முந்திக்கொள்ளும். பிள்ளை பெற்று முடித்தவளுக்கு என்ன கவலை என்பது அறியாப் பேச்சு.

பிசிபி பழைய ட்ரான்ஸ்பார்மர் எண்ணெயில் இருந்தது. எளிதில் சிதையாது, உடல் கொழுப்பில் தங்கும். 2016-இல் வந்த மத்திய அரசாணை, 2025 டிசம்பர் 31-க்குள் அதன் பயன்பாட்டை முற்றாக நிறுத்தச் சொன்னது. கழற்றிய ட்ரான்ஸ்பார்மரின் எண்ணெய் பழைய இரும்புக்கடையில் மண்ணில் கவிழ்ந்தால், எந்தக் குடும்பத்தலைவி அதைத் தடுக்க முடியும்? மின்வாரியமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஊரறியக் கணக்குக் காட்ட வேண்டும்.

பிளாஸ்டிக்கை இளக்கமாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் சூட்டிலும் எண்ணெயிலும் எளிதாக இறங்கும். தமிழ்நாட்டில் 2019 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை; கொதிக்கும் சாம்பாரோ இன்றும் கவரில்தான் வருகிறது, வாயை முறுக்கி நூலால் கட்டி. அந்தக் கவரில் என்ன கலந்திருக்கிறது என்பது ஓட்டல்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தூக்குவாளியோடு வருபவரிடம் பார்சல் கட்டணம் வாங்காமல் விட்டாலே பாதி வேலை முடியும். மீதிப் பாதி, தூக்குவாளியை எடுத்துப் போகச் சோம்பல்படும் நம்முடையது.

பூச்சிக்கொல்லி தெளிக்கும் வயல்தான் எல்லாவற்றிலும் மோசம். மருந்தடித்த ஈரம் காயுமுன் பெண்களைக் களையெடுக்க இறக்கும் வழக்கத்தை நிலக்காரர்தான் நிறுத்த முடியும். எத்தனை நாள் கழித்து உள்ளே போகலாம் என்பதை மருந்து விற்கும் கடைக்காரர் வாய்விட்டுச் சொல்லி அனுப்பட்டும். டப்பாவின் பொடி எழுத்தை வேளாண் அலுவலரே கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும்.