புளியரை வளைவுக்கு எத்தனை குதிரை வேண்டும்?

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். இந்த முறை முதல் ஆளாக வந்து இறங்கியவன், கோவையில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தவன், தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் போனை நீட்டினான்.

"மாமா, இந்த ரெண்டுல எது பெஸ்ட்னு சொல்லுங்க."

ஒன்று, போர்ஷே 911 ஜிடி3. 500 குதிரைத்திறனுக்கு மேல். இன்னொன்று, டொயோட்டா ஜிடி86. வெறும் 200. வாங்கப்போகிறானா என்றால், இல்லை. நண்பன் ஒருவனுக்குத் தெரிந்தவரின் ஸ்போர்ட்ஸ் கார் இரண்டு நாளைக்குக் கிடைக்கிறதாம். செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஒரு கை பார்க்கப்போகிறார்களாம். அதற்குத்தான் இந்த ஆராய்ச்சி. அக்கா அடுக்களையிலிருந்து என்னைப் பார்த்த பார்வையிலேயே, பதில் சொல்லவேண்டியது நான்தான் என்று புரிந்தது.

வேகம் எது என்றால் பதில் சுலபம். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று 20.8 கிலோமீட்டர் பந்தயப் பாதை இருக்கிறது. ஜிடி3 அதை ஏழு நிமிடத்துக்குள் சுற்றிவிட்டது. சராசரி வேகமே மணிக்கு 178 கிலோமீட்டருக்கு மேல். ஜிடி86 ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிடும். எஞ்சின் மட்டும் காரணமில்லை. பின்னால் இருக்கும் பெரிய இறக்கை, வேகம் கூடக் கூட காரைத் தரையோடு அழுத்துகிறது. அகலமான டயர் பிடித்துக்கொள்கிறது. பிரேக்கைக் கடைசி நொடியில் மிதிக்கலாம்.

"அப்ப போர்ஷேதானே மாமா?"

"இருல மாப்ளே. டொயோட்டாக்காரன் செஞ்ச வேலையைக் கேளு."

2012-இல் ஜிடி86 வந்தபோது, அதில் மாட்டியிருந்தது ப்ரியஸ் என்ற சிக்கனமான குடும்பக் காரின் டயர். காசு மிச்சம் பிடிக்க அல்ல. டயரின் பிடி குறைவாக இருந்தால், குறைந்த வேகத்திலேயே கார் லேசாக நழுவும். எங்கே நழுவுகிறது, எப்படித் திருப்பிப் பிடிப்பது என்பது ஓட்டுபவரின் கைக்குத் தெரியும். அந்தச் சுகத்துக்காகவே வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஜிடி3-யும் கைக்குப் பேசும் கார்தான். ஆனால் முதல் கியரிலேயே 70-ஐத் தாண்டிவிடும். மிச்ச கியர்களை எந்த ரோட்டில் போடுவது?

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 25 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை வளைவு. காய்ந்த ரோட்டில் சாதாரண டயர் தாங்குவது, தோராயமாக 50 கிலோமீட்டர் வேகம். உயர்ந்த ரக டயர் போட்டால் இன்னும் ஐந்தாறு கூடும். சாரல் விழுந்து ரோடு நனைந்துவிட்டால் 40-க்கே வழுக்கத் தொடங்கலாம். இந்தக் கணக்கில் குதிரைத்திறனுக்கு இடமே இல்லை. டயரும் ரோடும்தான் பேசிக்கொள்கின்றன. நேர்ப்பாதையில் பறந்து வந்து பிடிக்கலாம் என்றால், வேகம் இரண்டு மடங்கானால் நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். புளியரை எஸ் வளைவில், எதிரே கேரளாவிலிருந்து இறங்கும் லாரி அந்த இடத்தைக் கொடுக்காது.

அவன் சமாதானமாகவில்லை. "அஜித் ஓட்டலையா மாமா?"

நல்ல கேள்வி. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு முன், பயிற்சியின்போது அஜித் குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அது இதே 911-இன் பந்தய வடிவம். காயமில்லாமல் இறங்கி வந்தார். அந்தப் பந்தயத்தில் அவரது அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அவரைக் காத்தவை உள்ளே இருந்த இரும்புக் கூண்டு, உடலை இறுக்கிப் பிடித்த பெல்ட், ஹெல்மெட். எதிரே வண்டி வராத பாதை வேறு. குற்றாலம் ரோட்டில் என்ன இருக்கிறது? ஈரத் துண்டோடு குறுக்கே நடக்கும் குடும்பம், குரங்கு, திடீரென்று நிற்கும் வேன். தப்பு உன்னுடையது, அடி அவர்களுக்கு.

"வேகம்தான் வேணும்னா, நீ இருக்கிற கோயமுத்தூர்லயே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை இருக்கு. முறையா பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு ஓட்டு. நானே வந்து கைதட்டுதேன்."

மறுநாள் காலை எங்கள் பழைய மாருதி 800-ஐ எடுத்தோம். சுமார் 40 குதிரை. சாவியை அவனிடமே கொடுத்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டோம். சாரல் முகத்தில் அடித்தது. வளைவுக்கு முன்பே பிரேக், இரண்டாவது கியர், ஹாரன், திரும்பி முடித்ததும் ஆக்ஸிலேட்டர். ஏற்றத்தில் எஞ்சின் தம் கட்டி இழுத்தது. நாலு வளைவு தாண்டியதும் பையன் முகத்தில் ஒரு சிரிப்பு.

"எவ்வளவுல போறோம்னு நினைக்கிற?" என்றேன்.

"அறுபது இருக்குமா?"

முள் முப்பத்தைந்தில் நின்றது. ஸ்பீடாமீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். திரும்பி வந்து டீ குடிக்கும்போது, நண்பனுக்கு அவனே போன் போட்டான். "கார் வேண்டாம்டா. கோயமுத்தூர்ல டிராக் எப்போ ஃப்ரீன்னு கேளு."

உள்ளே அக்கா எனக்கு மட்டும் இன்னொரு தோசை வார்க்கும் சத்தம் கேட்டது.