குறிஞ்சாக்கேணி கடப்பு: எங்கள் நிலைப்பாடு

2021 நவம்பர் 23 காலையில் கிண்ணியாப் பகுதியின் குறிஞ்சாக்கேணியில் நடந்ததை உறுப்பினர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. ஜனாஸாத் தொழுகையில் நின்றவர்கள்தான் இந்த அறிக்கையை எழுதுகிறோம். ஆள் ஏற்றும் மிதவையான பாதை கவிழ்ந்து அன்றே ஆறு உயிர் போனது, பெரும்பாலானோர் பிள்ளைகள். விபத்துக்குப் பின் கடற்படை அங்கே படகு விட்டது. அதை ஏற்பதா, புதுப் பாலம் முடியும்வரை தண்ணீரில் எதுவுமே ஓட வேண்டாம் என்பதா என்று எங்கள் கூட்டத்தில் இரண்டு கருத்து இருந்தது. தற்காலிக ஏற்பாடு என்ற அளவில் வரவேற்பதாக முடிவாகியிருக்கிறது. கால எல்லை குறிக்கப்பட வேண்டும் என்பது அந்த முடிவோடு சேர்ந்தது.

"மாற்று வீதி இருந்ததே, ஏன் பாதையில் ஏறினார்கள்?" என்ற பேச்சு மேலிடங்களிலும் கேட்கிறது. இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. சுற்றுவழி வாகனம் வைத்திருப்பவருக்கு வழி. கடலுக்குப் போன வாப்பா திரும்புமுன் பாடசாலை மணி அடித்துவிடும். ஆட்டோவுக்கு நாளாந்தம் கொடுக்கக் கூலிக்காரரிடம் காசில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளை புத்தகப் பையைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் நடக்குமா? கண்ணுக்கு எதிரே கிண்ணியாக் கரை தெரிகிறது, நடுவே தண்ணீர், அதில் ஆள் ஏற்றும் ஒரு பாதை. தாய் என்ன செய்வாள்? பழைய பாலத்தைக் கழற்றியவர்கள் அன்றைக்கே இதை யோசித்திருக்க வேண்டும். புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்ட மேடை போட நேரமிருந்தது. பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள் என்று கேட்க ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. இறந்தவர்கள் மேல் பழி போடும் பேச்சை நிறுத்துங்கள்.

பாதையை ஓட்ட அனுமதி கொடுத்தது யார், கொடுக்காதது யார் என்பது நீதிமன்றத்துக்குப் போன விடயம். அதில் கருத்துச் சொல்வதைத் தவிர்க்கிறோம். மாரி காலத்தில் நீர் ஏறும் இடத்தில் ஆட்களை ஏற்றி ஓடிய ஒன்று அதிகாரிகள் எவருடைய கண்ணிலும் படவில்லை என்பதை மட்டும் நம்பமாட்டோம்.

விபத்துக்குப் பின் நடந்த கல்வீச்சை நாங்கள் ஆதரிக்கவில்லை. அந்த ஆத்திரம் வெளியூரிலிருந்து வரவில்லை என்பதையும் பதிகிறோம்.

கடப்பது எங்களுக்குப் புதிதல்ல. 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலைக்குப் போகப் பாதைக்குக் காத்து நின்றோம். உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்கள் வரும்வரை மூதூர்க்காரர் பெரும்பாலும் லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்தே பட்டினம் வந்தார்கள். அவ்வளவு பெரிய பாலத்தைக் கட்ட முடிந்த நாட்டில், இந்தச் சிறு நீருக்கு ஒரு ஒழுங்கான படகு கிடைக்கவில்லை என்பது வெட்கக்கேடு.

பாலம் உடைக்கும் இடத்தில் கடப்பு என்பது பொதுச் சேவை. அதைக் குத்தகைக்கு விடக்கூடாது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே வீதி அபிவிருத்தி அதிகார சபையே பாதை ஓட்டுகிறது. இங்கேயும் அதையே கேட்கிறோம். அரசு ஓட்டினால் போதும் என்றும் நாங்கள் நம்பவில்லை. 2002இல் கேரளத்துக் குமரகத்தில் 29 பேரைப் பலிகொண்டதும் அரசுப் படகுதான். ஆகவே ஏற்றக்கூடிய ஆள் எண்ணிக்கை படகின் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதப்பட வேண்டும். பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி வேண்டும். பெரியவரின் அங்கியைச் சிறு பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேலால் கழன்றுவிடும்.

பெற்றோருக்கு: படகில் கூட்டம் கூடினால் பிள்ளையை இறக்கி, அடுத்த படகுக்கு நில்லுங்கள். அதிபர்களுக்கு: பிந்தி வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள்.