பேட்டரி டிரில்லிங் மெஷின் வாங்குமுன்

ஆண்டுக்கு நான்கைந்து துளைகளே இடவேண்டிய இல்லத்தார் பேட்டரி டிரில்லிங் மெஷின் வாங்கலாமா என நம்மை வினவுகின்றனர். கடைக்குச் செல்லுமுன் தம் வீட்டுச் சுவரைப் பார்க்கட்டும் என்பதே நம் விடை.

சேலம், நாமக்கல் பகுதிகளில் செங்கற் சுவர்களே மிகுதி. ஆயின் திரைச்சீலைக் கம்பி மாட்டும் இடமோ சன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் லிண்டல்! மரத்திற்கும் தகரத்திற்கும் 12 வோல்ட் கருவி போதும். செங்கல்லுக்குச் சுழன்றுகொண்டே தட்டும் ஹாமர் அமைப்பு வேண்டும். லிண்டலிலோ சிறிய பேட்டரிக் கருவி திணறும். வயருள்ள ஹாமர் டிரில்லே நன்று. விலையும் பெரும்பாலும் குறைவு.

மேலும், பேட்டரி உழையாதிருப்பினும் முதுமையடையும். லித்தியம் பேட்டரியை முற்றும் வற்றவிட்டு மாதக்கணக்கில் பெட்டியில் அடைத்தால் மீண்டும் உயிர்பெறாமற் போகலாம். சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் வைத்தலும் கேடே. பாதியளவு சார்ஜுடன் குளிர்ந்த இடத்தில் வைத்தல் நலம்.

1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவில் துளையிட்டது பேட்டரிக் கருவியால்தான். அங்கே பிளக் இல்லை. நம் வீட்டில் உண்டு. மின்வசதியற்ற தோட்டத்தில் வேலையுடையோர் மட்டும் பேட்டரிக் கருவியை நாடட்டும்.

எக்கருவியாயினும், சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளையிட வேண்டா. சுவருக்குள் வயர் அவ்வழியேதான் பெரும்பாலும் இறங்குகிறது.