அளந்தவர் நோட்டில் எழுதியது என்ன?

2019 ஆகஸ்டு வெள்ளத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் குடியிருந்த நம் சங்கத்துச் சகோதரி ஒருவரின் வீட்டுப் பின்சுவர் விழுந்தது. மண்சுவர், மங்களூர் ஓடு. மற்ற மூன்று சுவர்களும் தண்ணீரில் ஊறி நின்றன. மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். டேப் கொண்டுவரவில்லை. வாசலில் நின்றபடியே ஒரு போட்டோ எடுத்தார், நோட்டில் ஏதோ எழுதினார், கைரேகை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் இன்னொரு சுவரும் சாய்ந்தது. அதை எழுத யாரும் வரவில்லை. நான்கு மாதம் கழித்து, அவர் வீட்டைச் 'சி' பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதே வரிசையில், அதே ஓட்டு வீடு ஒன்றுக்கு 'ஏ'.

அந்த ஆண்டு கர்நாடக சர்க்கார் வகுத்த கணக்கு இது: முக்கால் பங்குக்கு மேல் சேதமென்றால் 'ஏ' பிரிவு, ஐந்து லட்சம் ரூபாய். நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து வரை சேதமென்றால் 'சி', ஐம்பதாயிரம். இடையில் 'பி'. ஓர் எழுத்துக்கும் இன்னோர் எழுத்துக்கும் பத்து மடங்கு வித்தியாசம். அந்த எழுத்தைப் போடும் அதிகாரமோ வாசலில் நின்றவரின் பேனா முனையில்.

"பக்கத்து வீட்டுக்கு வந்ததுல எனக்கு வயித்தெரிச்சல் இல்ல அண்ணே. எனக்கு எதை வச்சு 'சி' போட்டாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார் அந்தச் சகோதரி. மூன்று முறை லீவு போட்டுவிட்டு அவருடன் போனேன். அந்தக் காகிதத்தை எங்கள் கண்ணில் காட்டவேயில்லை.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. எங்கள் இலாகாவைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சரக்கு உடைந்தோ நனைந்தோ வந்தால், சரக்குக்கு உரியவர் 'ஓப்பன் டெலிவரி' கேட்கலாம். அவர் முன்னிலையில் மூட்டையைப் பிரித்து, என்ன சேதம், எவ்வளவு சேதம் என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுவார்கள். நனைந்த வெங்காய மூட்டைக்கு உள்ள இந்த நியாயம், இருபது வருஷம் பாடுபட்டுக் கட்டிய வீட்டுக்கு ஏன் இல்லை? நாம் கேட்பது இவ்வளவுதான்.

இது வெறும் நிவாரணப் பணத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. மழை வருஷத்துக்கு வருஷம் மூர்க்கமாகிறது. 2018-ல் குடகு சரிந்தது. கபினி திறந்துவிட்டால் நஞ்சன்கூட்டுத் தாழ்வுப் பகுதிகளில் தண்ணீர் நிற்கிறது. இனி, "இந்த இடம் குடியிருக்க ஆகாது, வீட்டையும் மனையையும் விட்டுவிட்டு வேறிடம் போங்கள்" என்று சர்க்கார் சொல்லும் நாட்கள்தான் அதிகம் வரும். அப்போது விட்டுப்போகும் வீட்டுக்கு விலை வைப்பது யார், அந்த விலையைச் சரிபார்ப்பது யார்?

நம்மூரிலிருந்து குண்டலுபேட்டை, பந்திப்பூர் தாண்டினால் வயநாடு. 2024 ஜூலை 30 விடியுமுன் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போயின. மாண்டவர்களும் காணாமற்போனவர்களுமாக ஏறத்தாழ முந்நூறு பேர். பிழைத்தவர்களுக்குப் புது ஊர் கட்டக் கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட் நிலத்தைக் கேரள சர்க்கார் எடுத்தது. நிலத்தின் உரிமையே வழக்கில் இருக்கிறது என்று சர்க்கார் சொல்லியும், 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி இழப்பீடு தந்துதான் எடுக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. முதலில் 26 கோடி ரூபாய் சொச்சம் கட்டினார்கள். போதாது என்று எஸ்டேட் தரப்பு மீண்டும் நீதிமன்றம் ஏற, மேலும் 17 கோடி சொச்சம் கட்ட உத்தரவாயிற்று. எஸ்டேட்டுக்காரருக்கு வக்கீல் உண்டு, மதிப்பீட்டை மறுத்துப் பேச வழி உண்டு. அது சட்டம் தந்த உரிமை, அதை நாம் பழிக்கவில்லை. ஊரை இழந்தவனுக்கு அந்த வழி எங்கே என்பதுதான் கேள்வி.

அவனுக்குச் சொன்னது: ஏழு சென்டில் ஆயிரம் சதுர அடி வீடு. அது வேண்டாமென்றால் 15 லட்சம் ரூபாய். எல்லோருக்கும் ஒரே தொகை. தோட்டமும் மாடி வீடும் வைத்திருந்தவருக்கு இது நஷ்டம்தான். ஆனால் தோழர்களே, ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவரவர் சொத்தின் சந்தை விலைக்கு ஏற்பப் பணம் என்று வைத்திருந்தால், எஸ்டேட் பாடியில் குடியிருந்த தொழிலாளிக்கு என்ன கிடைத்திருக்கும்? பாடி கம்பெனியின் சொத்து. அவன் பெயரில் ஒரு ஓடுகூடக் கிடையாது. அவனுக்குப் பூஜ்யம்.

2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் 70 பேரை மண் மூடியது. லயத்தில் குடியிருந்த தேயிலைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் கயத்தாறுப் பக்கத்து நம் ஜனங்கள். மூன்று தலைமுறை குடியிருந்தும் அந்த லயத்தின் மேல் அவர்களுக்கு எழுத்தில் உரிமை இல்லை. பிறகு குற்றியாறு பள்ளத்தாக்கில் சர்க்கார் ஐந்து சென்ட் வீதம் நிலம் தர, கம்பெனி எட்டு வீடு கட்டிக் கொடுத்தது. கொடுத்ததை மறுக்கவில்லை. ஆனால் அது கொடையாக வந்தது, கணக்காக வரவில்லை. குடகுக் காப்பித் தோட்ட லைன்களில் இன்று இருக்கும் நம் உறவினர்களின் நிலையும் அதுதான்.

சந்தை விலையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2005-ல் காத்ரீனா புயலுக்குப் பின் லூசியானா மாநிலம் வீடிழந்தவர்களுக்குப் பணம் தந்தது. புயலுக்கு முந்தைய விலை, பழுதுபார்க்கும் செலவு, இவற்றில் எது குறைவோ அதை வைத்துத் தொகை போட்டார்கள். கறுப்பின மக்கள் வாழும் தெருவில் அதே அளவு வீட்டுக்கு விலை குறைவு. மரமும் ஆணியும் எல்லாத் தெருவிலும் ஒரே விலை! வழக்குப் போட்டார்கள். 2011-ல் 6 கோடி 20 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அதே நாட்டில் வெள்ளப் பகுதி வீடுகளை மத்திய அரசுப் பணத்தில் வாங்கும் திட்டத்துக்கு வேறு விதி உண்டு. உரிமம் பெற்றவர்தான் மதிப்பிட வேண்டும், வீட்டுக்காரர் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், வாடகைக்கு இருந்தவருக்கும் இடம் மாற உதவி தர வேண்டும்.

நம் சட்டத்திலும் ஒன்றுமே இல்லை என்று எண்ண வேண்டாம். 2013 சட்டப்படி பதிவான கிரயங்களைப் பார்த்து நிலத்துக்கு விலை வைக்க வேண்டும், கட்டடத்தை மதிப்பிடத் தகுதியுள்ள எஞ்சினீயரின் உதவியைப் பெறலாம், அதன்மேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை தர வேண்டும். இங்கே நம் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்வோம். பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க எட்டு லட்சத்து மனையை மூன்று லட்சம் என்று எழுதிப் பதிவு செய்கிறோம். நாளைக்கு அந்த மூன்றுதான் நமக்கும் நம் தெருவுக்கும் விலையாக நிற்கும். பத்திரமே இல்லாமல் முத்திரைத் தாளில் வாங்கிய ரெவென்யூ சைட்காரர் கதை இன்னும் மோசம். 'ஏ' போட்டுத் தருகிறேன் என்று காசு வாங்கும் தரகர்களிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை.

சர்க்காரிடம் நம் கோரிக்கை: அளக்கும் அன்றே மதிப்பீட்டுத் தாளின் நகல் குடியிருப்பவர் கையில் வர வேண்டும். அளந்தவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது, மறு அளவை கேட்டால் வேறோர் இலாகா எஞ்சினீயர் வர வேண்டும். ஊர்ப் பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். லைனில் இருப்பவனையும் வாடகைக்கு இருப்பவனையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அது வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மழைக்கு முன்பே வீட்டின் நான்கு சுவர், கூரை, கிணறு, மாட்டுக் கொட்டகை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு நகல்களை வெளியூர் உறவினர் வீட்டில் ஒரு செட் கொடுத்து வையுங்கள். எழுதாத தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். காகிதம் தர மறுத்தால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். நில எடுப்பில் பணம் வாங்கும்போது, "தொகை போதாது, ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதித்தான் கையெழுத்திட வேண்டும். எழுதாமல் வாங்கியவர் பின்னால் கூடுதல் கேட்டு மனுச் செய்ய முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. கன்னடத்தில் அந்த வாசகத்தை எழுதித்தரச் சங்க அலுவலகத்தில் ஞாயிறு தோறும் ஆள் இருப்பார்.

அந்தச் சகோதரியின் நகலுக்கு மனுப் போட்டோம். முப்பது நாள் போய், மேல்முறையீடும் போய், ஒரு தாள் வந்தது. சேதம் என்ற கட்டத்தில் "20" என்று எழுதியிருந்தது. நீளம், அகலம், உயரம் என்ற மூன்று கட்டங்களும் வெறுமையாக இருந்தன.