வெள்ளம் வடிந்தது, விலை வடியவில்லை

பொருள் பெருகினால் விலை குறையும். பொருள் அருகினால் விலை ஏறும். சந்தையைப் பற்றி அனைவரும் அறிந்த விதி இது. தக்காளியின் விலை இவ்விதிப்படியே நடக்கிறது. மழையால் வரத்துக் குறைந்தால் ஏறுகிறது. அடுத்த விளைச்சல் வந்ததும் இறங்குகிறது. ஆனால் மக்கள் ‘ஹார்ட் டிஸ்க்’ என்று வழங்கும் வன்தட்டின் விலை, ஏறும்போது மட்டுமே இவ்விதியை நினைவில் கொள்கிறது. இறங்க வேண்டிய காலத்தில் மறந்துவிடுகிறது. இதற்குக் காரணம் என்ன?

2011ஆம் ஆண்டு தாய்லாந்து நாட்டில் பெருவெள்ளம் ஏற்பட்டது. அக்டோபர் மாதத்தில் அயுத்தயா மாகாணத்தின் தொழிற்பேட்டைகளுக்குள் நீர் புகுந்தது. அக்காலத்தில் உலகின் வன்தட்டுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு அந்நாட்டிலேயே உருவாயின. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் பாங் பா-இன் ஆலை நீரில் மூழ்கியது. தட்டைச் சுழற்றும் சிறு மோட்டார்களைச் செய்துவந்த நிடெக் நிறுவனத்தின் ஆலைகளும் தப்பவில்லை. சில வாரங்களுக்குள் பல வன்தட்டுகளின் விலை இருமடங்கை எட்டியது.

இதுவரை நடந்தது இயல்பே. பின்னர் நடந்ததுதான் சிந்திக்கத்தக்கது. அவ்வாண்டு முடிவதற்குள் மூழ்கிய ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆனால் விலை ஏறிய வேகத்தில் இறங்கவில்லை. சீகேட் நிறுவனத்தின் சொந்த ஆலைகளை வெள்ளம் தொடவில்லை. உதிரிப் பாகங்கள் கிடைப்பதில்தான் அதற்கு இடர்ப்பாடு இருந்தது. எனினும் வெள்ளம் சூழ்ந்த அந்தக் காலாண்டில், அதன் இலாபம் முந்தைய ஆண்டைவிட மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. அதே வேளையில், மூன்றாண்டு உத்தரவாதம் பெற்றிருந்த சில வகைகளுக்கு அது இரண்டாண்டாகவும், வேறு சிலவற்றுக்கு ஓராண்டாகவும் சுருக்கப்பட்டது. வாங்குவோர் மிகுதியாகக் கொடுத்துக் குறைவாகப் பெற்றனர்.

இந்நிலைக்கு வெள்ளத்தைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. 1980களில் வன்தட்டு செய்யும் நிறுவனங்கள் பல பத்தாக இருந்தன. சில நொடிந்து மறைந்தன. சில பிறவற்றுடன் இணைந்தன. சாம்சங் நிறுவனத்தின் வன்தட்டுத் தொழிலைச் சீகேட் 2011 டிசம்பரில் வாங்கியது. ஹிட்டாச்சியின் வன்தட்டுத் தொழிலை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2012 மார்ச்சில் வாங்கியது. போட்டி குறைந்துவிடக் கூடாதென்று அரசுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் நிபந்தனை விதித்ததால், உற்பத்திக் கருவிகளில் ஒரு பகுதி தோஷிபாவுக்குச் சென்றது. இறுதியில் உலகிற்கே வன்தட்டு செய்வோர் மூவர் மட்டுமே எஞ்சினர்.

விற்போர் மூவரே எனில், அவர்கள் கூடிப் பேசி விலையை உயர்த்த வேண்டிய தேவையே இல்லை. ஒருவர் விலையைக் குறைத்தால் மற்ற இருவரும் குறைக்க நேரும், மூவருக்கும் இழப்பு. இதனை மூவரும் அறிவர். ஆகவே விலைக்குறைப்பில் எவரும் முந்துவதில்லை. நான்காவதாக ஒருவர் நுழைவதும் எளிதன்று. வன்தட்டின் படிப்புமுனை, சுழலும் தட்டின் மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்க வேண்டும். அத்தகைய நுட்பத்திற்குப் பெருமுதலீடும் நீண்ட பட்டறிவும் தேவை. எஸ்.எஸ்.டி. என்னும் புதிய சேமிப்புக் கருவி பரவிவரும் காலத்தில், பழைய துறையில் அவ்வளவு பணத்தை இடுவதற்கு யார் முன்வருவார்?

உற்பத்தியாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 50 பெரிய தட்டுகள் இருந்தன. அது சேமித்தது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே. இன்று கையடக்கமான கருவி ஒன்று 20 டெராபைட்டுக்கு மேல் சேமிக்கிறது. ஒரு ஜிகாபைட்டிற்கான விலை பன்மடங்கு வீழ்ந்துள்ளது என்பது உண்மையே. ஆனால் கடைக்குச் செல்லும் எளியவர் ஜிகாபைட்டை நிறுத்து வாங்குவதில்லை. ஒரு முழுக்கருவியை வாங்குகிறார். கொள்ளளவு சிறிதாயினும் பெரிதாயினும் மோட்டார், படிப்புமுனை, உலோகக் கூடு, மின்சுற்றுப் பலகை ஆகியன வேண்டும். அதனால் தொழில்நுட்ப வளர்ச்சியின் பயன் கூடுதல் கொள்ளளவாக வருகிறதேயன்றி, குறைந்த விலையாக வருவதில்லை.

மேலும், இன்று வன்தட்டுகளைப் பெருமளவில் வாங்குவோர் தரவு மையங்களே. செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சி அத்தேவையை மேலும் பெருக்கியுள்ளது. மொத்தமாக வாங்குவோர் முன்வரிசையில் நிற்க, ஒன்றே ஒன்று வாங்குபவர் கடைசியில் நிற்கிறார். இந்தியாவிலோ 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும், டாலருக்கு எதிரான ரூபாயின் சரிவும் அவர் சுமையைக் கூட்டுகின்றன.

‘இணையத்தில் சேமித்தால் போதுமே’ என்பார் சிலர். இணையச் சேமிப்பின் பெரும்பகுதியும் தரவு மையத்து வன்தட்டுகளில்தான் உள்ளது. ஓரளவுக்கு மேல் அதற்கு மாதந்தோறும் வாடகை செலுத்த வேண்டும். ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் குடும்பத்திற்குப் பாட்டியின் குரலும், தாத்தாவின் நிழற்படமும், ஊர்த்திருவிழாவின் காட்சியும் விலைமதிப்பற்றவை. அவற்றைத் தம் வீட்டிலேயே காத்துவைக்கும் உரிமை, வசதி படைத்தோர்க்கு மட்டும் உரியதாகிவிடலாகாது.

எனவே, பெருநிறுவனங்கள் இணையும்போது அனுமதி வழங்குவதோடு அரசுகளின் கடமை முடிவதில்லை. இணைந்தபின் விலையும் உத்தரவாதமும் எவ்வாறு மாறின என்பதையும் அவை தொடர்ந்து ஆராய வேண்டும். இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இதற்கென ஓர் ஆணையத்தையே அமைத்துள்ளது. நுகர்வோரும் விலையை மட்டும் பாராமல், ஒரு டெராபைட்டிற்கு எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்டு வாங்கப் பழக வேண்டும். தட்டுப்பாடு என்னும் செய்தி கேட்டதும் பதறி வாங்குவது விலையை மேலும் ஏற்றவே உதவும்.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பர் பெரியோர். போட்டியே விலைக்கு அணை. விற்போர் பலராக இருக்கும்போதே அதனைக் காக்க வேண்டும். மூவர் மட்டும் எஞ்சியபின் அணை கோலுதல் அரிது.