ஏளா, இங்கே வா!

நெல்லை ஜங்ஷனில் டவுன் பஸ் ஏறும் வெளியூர்ப் பெண்மணி ஒருத்தி, பின் ஸீட்டிலிருந்து "ஏளா! கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று ஒரு குரல் வந்தால் திடுக்கிட்டுத்தான் போவாள். ஏதோ சண்டை ஆரம்பமாகிவிட்டது என்று பயந்து திரும்பிப் பார்த்தால், அங்கே இரண்டு சிநேகிதிகள் ஒரே பூப்பந்திலிருந்து ஆளுக்கு ஒரு முழம் கிள்ளித் தலையில் வைத்துக் கொண்டிருப்பார்கள்!

தாமிரபரணிக் கரையில் ஆண் பிள்ளைக்கு 'ஏலே'. பெண் பிள்ளைக்கு 'ஏளா'. அவன் "வாலே, போலே" என்றால் இவள் "வாளா, போளா". சிலர் வாயில் அது 'ஏழா' என்றும் வரும். எழுத்தில் பிடித்து நிறுத்துவது கொஞ்சம் சிரமமான சமாசாரம்.

இது நேற்று முளைத்த கொச்சை என்று மூக்கைச் சுளிக்க வேண்டாம். கலித்தொகையில் 'எல்லா' என்று ஒரு விளி உண்டு. ஆண் பெண் இருவருக்கும் அது பொது. ஆண்டாளின் திருப்பாவையில் 15-ஆம் பாட்டு 'எல்லே' என்றுதான் தொடங்குகிறது. பொழுது விடிந்தும் எழுந்திராத தோழியை வாசலில் நின்று எழுப்புகிற பாட்டு அல்லவா அது? அந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஊர்தான். இவையெல்லாம் ஒரே குடும்பமா என்பதைப் பண்டிதர்கள் தீர்மானிக்கட்டும். என் காதுக்கு அக்கா தங்கை மாதிரித்தான் ஒலிக்கின்றன.

சொல் ஒன்றுதான், குரல்தான் நூறு. "ஏளாஆ..." என்று இழுத்தால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். "ஏளா!" என்று வெட்டினால் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தி "ஏளா, ஒனக்குத் தெரியுமா?" என்றால், அண்டை வீட்டுச் செய்தி ஒன்று வருகிறது. 'ஏட்டி' இன்னும் கொஞ்சம் காரம். பாளையங்கோட்டையில் காலேஜில் படிக்கும் பெண்கள் வகுப்பில் 'ஹலோ' சொல்லிவிட்டு, வாசல் தாண்டியதும் 'ஏட்டி'க்குத் திரும்பி விடுவார்கள்.

அப்படியானால் இது அன்பா, அதட்டலா? கண்டுபிடிக்க எனக்கு ஒரே ஒரு பரீட்சைதான் தெரியும். கூப்பிடப்பட்டவள் அதே சொல்லால் திருப்பிக் கூப்பிடலாமா?

குறுக்குத்துறைப் படித்துறையில் துணி துவைக்கும் தோழிகள் கூப்பிடலாம். தாயை மகள் கூப்பிட முடியாது. ஆனால் அங்கே வயது இருக்கிறது, பெற்ற உரிமை இருக்கிறது, நாளை அந்த மகளும் தாயாகப் போகிறாள். வயல்வெளிகளில் நடந்ததோ வேறு. நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்த பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும். நிலக்காரர் வீட்டு இருபது வயதுப் பெண் திண்ணையிலிருந்தபடி 'ஏளா' என்பாள். கிழவி சேற்றில் நின்றபடி 'அம்மா' என்று பதில் சொல்வாள். இதற்கு வாத்ஸல்யம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே பேசியது ஜாதி.

வயலை விடுங்கள். நம் வீட்டுச் சமையலறைக்கு வாருங்கள். எதிர் வீட்டு அம்மாள் நம் குழந்தைக்கு 'ஆன்ட்டி'; பாத்திரம் தேய்க்க வருகிறவளோ, பாட்டி வயதானாலும் வெறும் பெயர்! குழந்தை தானாகவா கற்றுக்கொண்டது?

'ஆச்சி' என்ற சொல்லின் கூத்து தனி. நெல்லையில் பல வீடுகளில் ஆச்சி என்றால் பாட்டி. செட்டிநாட்டிலோ அது மரியாதைச் சொல்; இளம் பெண்ணையும் அப்படி அழைக்கலாம். பள்ளத்தூரில் வளர்ந்த மனோரமாவை 2015-இல் அவர் காலமாகும் வரை தமிழ்நாடே 'ஆச்சி' என்றது; அவரும் அதைப் பட்டம்போல ஏற்றுக் கொண்டார். ஆனால் நாற்பத்தைந்து வயது நெல்லைப் பெண்மணியிடம் காய்கறிக்காரர் "என்ன ஆச்சி, கத்தரிக்காய் போடட்டுமா?" என்று கேட்டுப் பார்க்கட்டும். அன்று வியாபாரம் நடக்காது! கோயமுத்தூர் 'அம்மிணி'யும் இப்படித்தான். அங்கே அது கனிவு. சென்னையில் ஒருவர் சொன்னால் கேலியோ என்று தோன்றும்.

பெயரே மறைந்து போவது இன்னொரு விதம். காந்திமதி, உலகம்மை, கோமதி என்று அம்மன் பெயராகப் பார்த்து ஆசையாக வைப்பார்கள். பிறந்த வீட்டில் அது 'காந்தி', 'உலகு', 'கோமு' என்று சுருங்கும். புகுந்த வீட்டில் 'அம்பாசமுத்திரத்துக்காரி' ஆகும். கொழுந்தன்மாருக்கு 'மதினி'. பிள்ளை பிறந்ததும் 'முருகன் அம்மா'. புருஷனுக்கு, 'இந்தா' என்றாலே போதும்! காந்திமதி என்று முழுசாகக் கூப்பிட ரேஷன் கடைக்காரர் ஒருவர்தான் மிச்சம்.

வேடிக்கை இல்லை இது. 1951-52-இல் முதல் பொதுத் தேர்தலுக்கு ஜாபிதா தயாரித்தபோது, லட்சக்கணக்கான பெண்கள் 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்றே எழுதிக் கொண்டார்கள், பெரும்பாலும் வடமாநிலங்களில். சொந்தப் பெயர் சொல்லாவிட்டால் ஜாபிதாவில் இடமில்லை என்று தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் கண்டிப்பாக இருந்துவிட்டார். ஏறக்குறைய 8 கோடிப் பெண் வாக்காளர்களில் சுமார் 28 லட்சம் பேருக்கு ஓட்டுப் போயிற்று. அவர் செய்தது சரிதான் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அந்த 28 லட்சம் பேரை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

முன்பின் தெரியாதவன் உறவு கொண்டாடிக் கூப்பிடுவது பற்றிக் கோர்ட்டே பேசியிருக்கிறது. அந்தமானில் கடமையில் இருந்த பெண் போலீஸ் ஒருவரைக் குடிபோதையில் ஒருவன் 'டார்லிங்' என்றான். 2024-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், அறியாத பெண்ணை அப்படி அழைப்பது பாலியல் தொல்லைக் குற்றம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. அதே சொல்லைக் கட்டிய புருஷன் சொன்னால்? நெல்லைப் பெண் என்றால், "என்ன, காய்ச்சல் அடிக்கா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்!

சகோதரிகளே, உங்கள் வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? எந்தப் பெயர் இனித்தது, எது உறுத்தியது? ஒரு கார்டில் நாலு வரி எழுதிப் போடுங்கள். சொந்தச் செல்லப்பெயரை எழுத வெட்கமாயிருந்தால், மாமியாருடையதை எழுதினாலும் போதும். அவரிடம் சொல்ல மாட்டோம்.